கொச்சியிலிருந்து தூத்துக்குடிக்குப் பாய்மரப் படகில் வர அழைக்கிறார்கள். நான் புதியவன், போகலாமா?

திருநகர் | நவம்பர் 5, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சென்ற ஆண்டு சென்னையில் ஆறு நாள் பாய்மரப் படகுப் பயிற்சி பெற்றேன். அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே, இருவர் மட்டும் அமரும் சிறு படகில், பகல் வெளிச்சத்தில் நடந்த பயிற்சி அது. அதற்கு முன் நான் மிதந்த நீர்நிலை வண்டியூர்த் தெப்பக்குளம் ஒன்றுதான்.

பயிற்சியில் பழக்கமான ஒருவர் கொச்சியில் 34 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். அதை நவம்பர் 14 அன்று கிளப்பி, குமரி முனையைச் சுற்றி, 17ஆம் தேதிக்குள் தூத்துக்குடியில் கொண்டுவந்து கட்ட வேண்டும் என்கிறார். 18 அன்று அவர் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அவரும் அவருடைய நண்பரும் போக, மூன்றாவது ஆளாக என்னை அழைக்கிறார். இரவில் காவல் மாறிக்கொள்ள ஓர் ஆள் தேவை என்றும், மற்றதைப் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்த நண்பருக்கும் கடல் அனுபவம் என்னைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். எனக்குச் செலவு ஏதுமில்லை. மதுரையில் இருப்பவனுக்கு இப்படியொரு வாய்ப்பு மறுபடி வருமா என்று தெரியவில்லை. கரை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நான் போனதில்லை, இரவில் கடலில் இருந்ததும் இல்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மலைப்பாதை | நவம்பர் 5, இரவு 10.15

தயங்காமல் போங்கள் நண்பரே. யாரும் அனுபவத்தோடு பிறப்பதில்லை. நான் முதன்முதலாக இமயமலையில் ஏறியபோது எனக்குக் குளிராடையைச் சரியாக அணியக்கூடத் தெரியாது. நம் நாட்டவரான அபிலாஷ் டோமி பாய்மரப் படகில் தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013இல் மும்பைக்குத் திரும்பினார். நீங்கள் கரையோரமாக மூன்று நாள் வரப்போகிறீர்கள். அதற்கு இத்தனை யோசனை வேண்டுமா?

பழைய மாலுமி | நவம்பர் 6, காலை 6.30

தம்பி, நான் சரக்குக் கப்பல்களில் மேல்தள அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மதுரை அண்ணா நகரில் இருக்கிறேன். குமரி முனையை எத்தனை முறை கடந்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதையெல்லாம் உயரமான கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 34 அடிப் படகிலிருந்து பார்க்கும் கடல் வேறு.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். கொச்சியிலிருந்து குமரி முனை ஏறக்குறைய 140 கடல் மைல், அங்கிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 60. மணிக்கு 5 கடல் மைல் வேகம் என்று வைத்துக்கொண்டால் 40 மணி நேரத்தில் முடிந்துவிடும், மூன்று நாளில் ஒரு நாளுக்கு மேல் கையிருப்பு இருக்கிறது என்றுதான் உங்கள் நண்பரும் கணக்குப் போட்டிருப்பார். கணக்கில் பிழை இல்லை, அதில் காற்றைச் சேர்க்காமல் விட்டதுதான் பிழை.

நவம்பரில் கேரளக் கரை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கிறது. பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று என்று பெரும்பாலும் இதமாகவே போகும். கொல்லம், விழிஞ்ஞம், குளச்சல் என்று ஒதுங்கவும் இடங்கள் உண்டு. இந்த முதல் பகுதி உங்களுக்கு மிகவும் பிடித்துப்போகும், கடல் என்பது இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றும். குமரி முனையைத் தாண்டி வடக்கே திரும்பியவுடன் மலை மறைவு நீங்கிவிடுகிறது. அங்கிருந்து தூத்துக்குடி இருக்கும் திசை நேர் வடகிழக்கு. அந்த மாதத்தில் பருவக்காற்று வரும் திசையும் அதே வடகிழக்குதான். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது என்பதை ஆறு நாள் பயிற்சியிலேயே கற்றிருப்பீர்கள். இடமும் வலமுமாக ஏறத்தாழ 45 பாகையில் மாறி மாறித்தான் ஏற வேண்டும் என்பதால், வரைபடத்தில் 60 மைலாகத் தெரிவது நீரில் 85 மைலாகிவிடும். எதிரலை மோதுவதால் வேகம் 4 மைலுக்குக் குறைந்தால், 12 மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தது 21 மணி நேரம் நீளும். அதுவும் இரண்டு இரவு தூக்கமில்லாமல் களைத்த பிறகு. அந்தக் கரையில் கன்னியாகுமரியை ஒட்டிய சின்ன முட்டம் மீன்பிடித் துறைமுகத்தை விட்டால், நீருக்குள் ஆழமாக இறங்கும் அடிக்கட்டை உள்ள படகு இரவில் நம்பி நுழையக்கூடிய இடம் மிகக் குறைவு.

நம் ஊரிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் மூன்று மணி நேரத்தில் போய்விடுகிறோம். அந்த நினைப்பில் குமரியிலிருந்து தூத்துக்குடியை ஒரு குட்டித் தூரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூக்கையூர் | நவம்பர் 6, மதியம் 1.05

ஐயா சொன்னது முழுக்கச் சரி. நான் மன்னார் வளைகுடாக் கரையில் பிறந்தவன். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். மீன் வியாபாரத்துக்காக நான் மதுரைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வடக்கிலிருந்து வரும் காற்றை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வோம். வாடை ஏறியிருக்கும் நாளில் நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்காமல் எங்கள் ஆட்கள் வலை ஏற்றுவதே இல்லை.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. இரவில் அந்தக் கடல் காலியாக இருக்காது. வழிவலைகள் நெடுந்தூரத்துக்கு நீரில் மிதந்துகொண்டிருக்கும். அவற்றின் முனையில் ஒரு மிதப்பும் மினுக்கும் சிறு விளக்கும் இருந்தால் அதிர்ஷ்டம். அதன் மேல் படகை ஏற்றினால் கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். பிறகு எஞ்சினும் இல்லை, எங்கள் ஆளுக்கு வலையும் இல்லை. விழிஞ்ஞத்துக்கு இப்போது பெரிய பெட்டகக் கப்பல்கள் வருகின்றன, குமரிக்குத் தெற்கே கொழும்பு நோக்கிப் போகும் கப்பல்களும் உண்டு. சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகளை வைத்து எது வருகிறது, எது போகிறது என்று சொல்லத் தெரியாதவரைக் காவலுக்கு உட்கார வைப்பது, காவலே இல்லாமல் போவதைவிட மோசம். காவல் இருக்கிறது என்று நம்பி மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள்.

ஒக்கிப் புயலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் 30 அன்று காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கடலையே தொழிலாகக் கொண்ட எத்தனையோ பேர் திரும்பவில்லை. ஒவ்வொரு நவம்பரும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. அந்த மாதத்தில் அந்தக் கடலில் ஒரு நாளுக்குள் நிலைமை மாறக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மலைப்பாதை | நவம்பர் 6, மாலை 7.20

இப்படிப் பயமுறுத்தினால் யாரும் வீட்டை விட்டு வெளியே வர முடியாது. அலங்காநல்லூர் வாடிவாசலில் நிற்கும் பையனிடம் போய்ப் புள்ளிவிவரம் சொல்லுவீர்களா? ஆபத்து தெரிந்துதானே இறங்குகிறான்!

வில்லாபுரம் | நவம்பர் 6, இரவு 8.45

வாடிவாசலில் நிற்பவர் காளையைப் பார்த்துவிட்டுக்கூட மனம் மாறித் தடுப்பில் ஏறிக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஆம்புலன்ஸும் மருத்துவக் குழுவும் நிற்கின்றன. நான் செவிலியர், அந்தக் குழுவில் பணி செய்தவள் என்பதால் சொல்கிறேன். கடலில் 20 மைல் தள்ளிப் போனபின் மனம் மாறினால் ஏறிக்கொள்ளத் தடுப்பு எங்கே இருக்கிறது?

திருநகர் தம்பிக்கு என் துறை சார்ந்து ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கடல் மயக்கம் வருவதற்கும் ஒருவருடைய துணிச்சலுக்கும் தொடர்பில்லை. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடும், ஆனால் உங்கள் பயணமே அவ்வளவுதான். பழகி முடிக்கும்போது கரை வந்துவிடும். மாத்திரை உண்டு, மருத்துவரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே எடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் அதுவும் வெளியே வந்துவிடும். மேலும் அவற்றில் பல தூக்கம் வரவழைப்பவை, இரவுக் காவலுக்கு அது ஆகாது. ஒருவர் விடாமல் வாந்தி எடுத்து, நீரும் தங்காமல் போனால், அரை நாளில் எழுந்து உட்காரவும் தெம்பு இருக்காது. மூவர் குழு இருவர் குழுவாகும், உங்களைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் போய்விட்டால் ஒருவர் குழுவாகும். இதை உங்கள் நண்பர் கணக்கில் எடுத்திருக்கிறாரா?

பாயும் கயிறும் | நவம்பர் 7, காலை 7.50

நான் சென்னையில் சிறு பாய்மரப் படகுகளில் எட்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். சொந்த ஊர் மேலூர். அதனால்தான் இந்த மதுரைக் குழுவில் எட்டிப் பார்க்கிறேன். ஆறு நாள் பயிற்சியில் பெற்றது வீணில்லை. காற்று எந்தப் பக்கம் என்பதைக் கன்னத்தால் உணரக் கற்றிருப்பீர்கள், அது எந்தப் படகிலும் உதவும். ஆனால் சிறு படகு தவறை உடனே தண்டித்து உடனே மன்னித்துவிடும். கவிழும், நிமிர்த்திவிட்டு மறுபடி ஏறிக்கொள்வீர்கள். 34 அடிப் படகில் பாயின் கயிற்றைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. காற்றின் வேகம் மணிக்கு 10 கடல் மைலிலிருந்து 20 ஆனால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகிறது. பாயைச் சுருக்கும் வேலையை, காற்று ஏறிய பிறகு இருட்டில், துள்ளும் மேல்தளத்தில் முதல்முறையாகச் செய்து பார்ப்பதைப் போல ஆபத்தான பாடம் வேறில்லை.

தவறி விழுவதைப் பற்றியும் யோசியுங்கள். 5 கடல் மைல் வேகத்தில் படகு நொடிக்கு இரண்டரை மீட்டர் நகர்கிறது. விழுந்தவரைக் கவனித்துப் படகைத் திருப்ப ஒரு நிமிடம் ஆனாலே 150 மீட்டர் இடைவெளி விழுந்துவிடும். அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை அத்தனை தூரத்தில் பகலிலேயே தெரியாது. நீங்கள் விழுந்தால் அவர் வந்து எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விழுந்தால்?

என் பார்வையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். புதியவரைச் சேர்த்துக்கொள்வது தவறே அல்ல. எல்லாக் குழுவிலும் ஒரு புதியவர் இருப்பார். அவரை முற்றிலும் நீக்கிவிட்டாலும் அந்தப் படகு பத்திரமாக வந்து சேருமா என்று பாருங்கள். சேரும் என்றால் நீங்கள் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள், தாராளமாகப் போகலாம். நீங்கள் இல்லாமல் அது வந்து சேராது என்றால், உங்களிடம் இல்லாத ஒரு திறமையின் மேல் மூன்று உயிர்களை வைக்கிறார்கள். ஆகவே உங்கள் நண்பரிடம் நேரில் கேளுங்கள்: நீங்கள் கடலில் விழுந்தால் நாங்கள் இருவரும் படகைத் திருப்பி உங்களைத் தூக்க முடியுமா, அதை ஒருமுறையாவது பழகிப் பார்ப்போமா? எஞ்சின் கடைசியாக எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓடியது, டீசல் தொட்டியை எப்போது கழுவினார்கள்? 13 அன்று வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி என்று வானிலை மையம் அறிவித்தால் என்ன செய்வீர்கள்? படகோடு உடலைக் கொக்கியில் மாட்டும் பாதுகாப்பு வார் எத்தனை இருக்கிறது? பதில்களைவிட, பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள்.

பழைய மாலுமி | நவம்பர் 7, காலை 9.10

மேலூர்க்காரர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உதவி கேட்கும் வழியையும் கேட்டுவிடுங்கள். கைப்பேசி கரைக்கு அருகில் மட்டுமே எடுக்கும். படகில் மற்றக் கப்பல்களோடும் கரையோடும் பேசும் நல்ல வி.எச்.எஃப். வானொலி வேண்டும், அபாய அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் பேச உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. செயற்கைக்கோளுக்கு அபாயக் குறிப்பு அனுப்பும் கருவி இருந்தால் மிக நல்லது. சிலர் வெளிநாட்டிலிருந்து செயற்கைக்கோள் தொலைபேசி வாங்கி வந்து வைத்துக்கொள்வார்கள். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம், அந்த யோசனைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மலைப்பாதை நண்பர் அபிலாஷ் டோமியைக் குறிப்பிட்டார். அதே மனிதர் 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி, பாய்மரங்கள் முறிந்து, முதுகெலும்பில் காயம்பட்டு எழ முடியாமல் கிடந்தபோது, தான் இருக்கும் நிலையைக் கரைக்குத் தெரிவிக்க அவரிடம் கருவி இருந்தது. ஒரு பிரெஞ்சுக் கப்பல் போய் மீட்டது. அவருடைய துணிச்சலைச் சொல்லும்போது அவருடைய ஆயத்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருநகர் | நவம்பர் 9, இரவு 10.30

அனைவருக்கும் நன்றி. நேற்று அவரிடம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

எஞ்சினைப் படகுத்துறையில் கட்டியபடியே இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தாராம், புகையில்லாமல் ஓடியதாம். தொட்டியைத் திறக்கவில்லை. வானொலி இருக்கிறது, அபாயக் குறிப்புக் கருவி இல்லை. மிதவைச் சட்டை மூன்று உண்டு, பாதுகாப்பு வார் ஒன்றே ஒன்று. கடலில் விழுவதைப் பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டு, விழாமல் இருப்பதுதான் பயிற்சி என்றார். வானிலை பற்றி, அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். 17ஆம் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்ற கேள்விக்கு மட்டும் தயங்காமல் பதில் வந்தது: முடியாது.

அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதையும் எழுத வேண்டும். சேமிப்பையெல்லாம் போட்டு அந்தப் படகை வாங்கியிருக்கிறார், கொச்சியில் கட்டுமிட வாடகை நாளுக்கு நாள் ஏறுகிறது, விடுப்பும் கிடைப்பதில்லை. அவருடைய அவசரம் எனக்குப் புரிகிறது.

மூக்கையூர் | நவம்பர் 10, காலை 5.55

தம்பி, தொட்டியைத் திறக்காத பழைய எஞ்சின் என்ற ஒன்றே எனக்குப் போதும். படகு கட்டிக் கிடக்கும்போது டீசல் கசடு அடியில் படிந்து கிடக்கும். அலையில் தொட்டி குலுங்கியதும் அது கலங்கி வந்து வடிகட்டியை அடைக்கும். துறையில் அலை இல்லை, ஆகவே இருபது நிமிடம் ஓடியதில் எதுவும் தெரியாது. எஞ்சின் நிற்பது எப்போதும் அலை மிகுந்த இடத்தில்தான் நடக்கும். கெட்ட நேரம் என்று சொல்வார்கள், காரணம் தொட்டியில் இருக்கிறது.

போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொச்சியிலிருந்து விழிஞ்ஞம் வரை போய் இறங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஓர் இரவு கடலில் கிடைக்கும், ஒதுங்க இடமும் இருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு ரயில் இருக்கிறது.

மலைப்பாதை | நவம்பர் 10, காலை 10.40

இது நல்ல யோசனை. நான் முன்பு எழுதியதில் சற்று வேகம் இருந்தது. மலையிலும் பாதி வழியில் திரும்பும் உரிமையைப் பேசிக்கொண்டுதான் ஏறுகிறோம், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

திருநகர் | நவம்பர் 11, இரவு 9.15

கேட்டேன். ஒப்புக்கொள்ளவில்லை. "விழிஞ்ஞம் வரைக்கும் நாங்கள் இருவரே போதும், எனக்கு ஆள் வேண்டியது குமரிக்கு அப்பால்தான்" என்றார்.

பழைய மாலுமி | நவம்பர் 11, இரவு 9.50

அந்த ஒரு வாக்கியத்தில் அவர் உங்களுக்கு முழு உண்மையையும் சொல்லிவிட்டார், தம்பி. எளிய பகுதிக்கு ஆள் தேவையில்லை, கடினமான பகுதிக்குத்தான் தேவை. அந்த இடத்துக்கு ஆறு நாள் பயிற்சி போதாது. மறுப்பதாக இருந்தால் இன்றே சொல்லுங்கள். வேறொருவரைத் தேட அவருக்கு இரண்டு நாளாவது கிடைக்கட்டும்.

திருநகர் | நவம்பர் 12, காலை 8.00

சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார். "இவ்வளவு பயமென்றால் பேருந்திலேயே வா" என்றார். இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. சரியாகத்தான் செய்தேனா என்று இன்னும் தெரியவில்லை.

திருநகர் | நவம்பர் 24, இரவு 9.30

படகு வந்து சேர்ந்துவிட்டது. 17 அன்று அல்ல, 20 அன்று மாலை.

மலைப்பாதை | நவம்பர் 24, இரவு 9.42

பார்த்தீர்களா! மூவரும் நலமாகத்தானே வந்தார்கள்? நீங்களும் வந்திருக்கலாமே.

திருநகர் | நவம்பர் 24, இரவு 11.05

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்குப் போய் அவரைப் பார்த்தேன். நடந்ததை அவரே ஒளிக்காமல் சொன்னார்.

எனக்குப் பதிலாகக் கொச்சியில் கிடைத்தவர், விசைப்படகுகளில் எஞ்சின் பழுது பார்க்கும் மெக்கானிக். கொச்சியிலிருந்து குமரி வரை கண்ணாடி மாதிரி இருந்ததாம் கடல். முனையைத் தாண்டி ஐந்தாறு மைல் போனதும் மாலையில் வாடை ஏறியது. பாயைச் சுருக்கும்போது கயிறு சிக்கிக்கொண்டது, அதை விடுவிக்க முக்கால் மணி நேரம் ஆனது. காற்று படகைப் பின்னோக்கித் தள்ளியதால் எஞ்சினைப் போட்டார்கள். மூக்கையூர் அண்ணன் எழுதியபடியே, பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. அந்த மெக்கானிக் எஞ்சின் குழிக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்து, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, இரண்டு முறை வடிகட்டியை மாற்றியிருக்கிறார். அவருடைய நண்பர் வாந்தியில் சுருண்டு படுத்துவிட்டார். ஒருவழியாகத் திரும்பிச் சின்ன முட்டத்துக்குள் நுழைந்து இரண்டு இரவு கிடந்திருக்கிறார்கள். நண்பர் அங்கேயே இறங்கிக் கன்னியாகுமரியிலிருந்து பேருந்து ஏறிவிட்டார். காற்று தணிந்ததும் மற்ற இருவரும் தொட்டியைக் கழுவிவிட்டு வந்து சேர்ந்தார்கள். விடுப்பு முடிந்து மூன்று நாள் கழித்து வேலைக்குப் போனதற்கு அலுவலகத்தில் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்களாம்.

அந்தக் குழிக்குள் நான் கவிழ்ந்து கிடந்திருந்தால் வடிகட்டி எது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

மூக்கையூர் | நவம்பர் 25, காலை 6.10

அந்த மெக்கானிக்குக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பாயும் கயிறும் | நவம்பர் 25, காலை 8.30

அவர் ஒளிக்காமல் சொன்னது நல்ல அடையாளம். இனி அவரோடு போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, சரியான மாதத்தில்.

திருநகர் | நவம்பர் 25, இரவு 9.00

அன்றே துறைமுகத்துக்கு வெளியே, வான் தீவு தெரியும் தூரம் வரை அரை நாள் கூட்டிப் போனார். காற்று மிதமாகத்தான் இருந்தது. சுக்கானைக் கொடுத்தார், பாயைச் சுருக்கவும் விரிக்கவும் நாலு முறை செய்ய வைத்தார். ஒரு மிதவையை நீரில் எறிந்து, அதை எடுக்கச் சொன்னார். முதல் மூன்று முறையும் தவறவிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு வாந்தி தொடங்கிவிட்டது, கரை கண்ணெதிரே தெரிந்துகொண்டுதான் இருந்தது. பிப்ரவரியில் மணப்பாடு வரை பகல் பயணம் போகலாம் என்று அழைத்திருக்கிறார். வீட்டில் சொல்லிவிட்டேன். வில்லாபுரம் அக்கா, நான் பார்க்கும் மருத்துவர் கடலுக்குப் போகிறவருக்கு மாத்திரை எழுதியதே இல்லை என்கிறார். தூக்கம் வராத வகை எது என்று அவரிடம் எப்படிக் கேட்பது?